வாளுக்கும் கைட்டுக்கும் நடுவே ஒரு மாதா படம்

மகன்,

நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். முழுதாகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். முதலாவதில் ஒரு வெள்ளைக்காரன் கண்ணாடி போட்டுக்கொண்டு மரம் அரிகிற பாண்ட்சோ இயந்திரத்துக்கு முன்னால் நின்று, வாளை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிற கைட்டில் எது திறம் என்று அரை மணித்தியாலம் கதைக்கிறான். ஒரு துண்டு மரம் அரிகிறான் இல்லை. இரண்டாவதில் வேறொருவன் வந்து முதலாமவன் சொன்னது பிழை என்கிறான். அவனும் அரியவில்லை. மூன்றாவதை உன் அப்பாவிடம் கொடுத்தேன், பார்த்தபடியே நித்திரையாகிவிட்டார். இவ்வளவுக்கும் கீழே நீ ஒரு வரி எழுதியிருந்தாய்: "அம்மா, பெயறிங் கைட் நல்லதோ, செரமிக் நல்லதோ, இல்லாட்டி எங்கடை மாதிரிக் கட்டைக் கைட்டோ? உங்கடை முடிவைச் சொல்லுங்கோ." முடிவைச் சொல்கிறேன். குரலில் அனுப்பினால் நீ அதை இரட்டை வேகத்தில் கேட்டு, திட்டு வருகிற இடத்தில் தள்ளிவிடுவாய் என்பதால் கையால் எழுதுகிறேன். நாளைக்கு உன் அப்பா பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டுவந்து தருவார். உறையை ஒட்டவில்லை. அவர் வழியில் வாசிக்கலாம், நீ தங்கியிருக்கிற வீட்டில் உன் மாமாவும் வாசிக்கலாம், ஊரே வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என்னிடம் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பெண்களுக்கு வீடும் வளவும் சீதனமாக வந்தன. என் அப்பாவிடம் வீடு ஒன்றுதான் இருந்தது, அது அக்காவுக்குப் போய்விட்டது. எனக்குப் பட்டறையில் நின்ற பாண்ட்சோவைக் கொடுத்தார். இரண்டு பெரிய சில்லு, அவற்றைச் சுற்றி நாடாவைப்போல ஓடுகிற ஒரு வாள், நடுவில் ஒரு மேசை. அதை ட்ரக்ரரில் ஏற்றிக் குருநகருக்குக் கொண்டுவந்து இறக்கியபோது, "பொம்பிளை வாளோடை வந்திருக்கிறாள், பெடியன் கவனம்" என்று ஒழுங்கைச் சனம் பகிடி பண்ணியது. உன் அப்பா அன்றைக்கே கவனமாகிவிட்டார். நான் அரிவேன், அவர் பொலிஷ் அடிப்பார். ஒருவர் வேலையில் மற்றவர் தலைபோடுவதில்லை. இத்தனை வருடக் குடும்பச் சமாதானம் அதில்தான் நிற்கிறது.

சரி, கேட்டதற்குப் பதில். பெயறிங் கைட் திறம்தான். வாள் பக்கவாட்டில் சாயப் பார்த்தால் உருளை சுழன்று தாங்கும், சூடும் குறைவு. ஆனால் நீ குடியேறப்போவது கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். உப்புக் காற்றும் மரத்தூளும் சேர்ந்து அந்த உருளைக்குள் போய் இறுகும். வேலை முடிந்தவுடன் ஒவ்வொரு நாளும் துடைக்கவேண்டும். நீ தேத்தண்ணி குடித்த கோப்பையையே கழுவி வைத்தவன் இல்லை. பெயறிங்கைத் துடைப்பாய் என்று நான் நம்ப, எனக்கு என்ன விசரா? செரமிக் கைட் இலேசில் தேயாது, ஆனால் கை தவறி நிலத்தில் விழுந்தால் உடையும். உடைந்தால் அடுத்தது கொழும்பிலிருந்து வரும்வரை சும்மா இருக்கலாம், அது உனக்குப் பிடிக்கும். இரும்புக் கட்டை மலிவு. வாளின் பல் அதில் முட்டினால் வாள் நாசம். நான் வைத்திருக்கிற பாலை மரக் கட்டை தேயும். தேய்ந்தால் முகத்தைச் சீவிவிட்டு மறுபடி போடலாம், பல் முட்டினாலும் பல்லுக்கு ஒன்றும் ஆகாது. கவனமில்லாதவனுக்கென்றே கடவுள் பாலை மரத்தைப் படைத்தார், ஆகவே உனக்கு அது பொருத்தம். இல்லை, பெயறிங்தான் வேண்டும் என்றால் பெயறிங்கை வாங்கு. இதில் எதைப் போட்டும் நேராக அரியலாம், எதைப் போட்டும் கோணலாக அரியலாம். கடையில் தீப்பெட்டி வாங்குகிற நேரத்தில் எடுக்கவேண்டிய முடிவு இது.

இதற்கு நீ மாதக்கணக்காக மண்டையைச் சொறிந்துகொண்டிருக்கிறாய் என்றால் அது கைட்டைப் பற்றிய யோசனை இல்லை. சின்ன வயதில் சைக்கிளுக்கு மணி வாங்க உன்னை ரவுணுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கடையில் இருந்த அத்தனை மணியையும் அடித்துப் பார்த்தாய். கடைக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். ஒன்றும் பிடிக்கவில்லை என்று வெறுங்கையோடு வந்தோம். இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது, சைக்கிளின் பின் சில்லை நீ ஏற்கனவே மதகில் மோதி நெளித்து, மாட்டுக்கொட்டிலுக்குள் ஒளித்து வைத்திருந்தது. மணி வாங்கினால் சைக்கிளை வெளியே எடுக்கவேண்டி வரும். அதனால் உனக்கு எந்த மணியின் சத்தமும் பிடிக்கவில்லை. நீ ஒன்றைத் தெரிவுசெய்யமாட்டாமல் திரிந்தால், அதற்குப் பின்னால் நெளிந்த சில்லு ஒன்று இருக்கும். உன்னைப் பெற்றவளுக்கு இதைக் கண்டுபிடிக்க வீடியோ தேவையில்லை.

இந்தமுறை நெளிந்தது என்னவென்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். தெரியாதது உன் மாமியாராக வரப்போகிறவருக்கு. ஆகவே அவர் கையில் இந்தக் கடிதம் கிடைத்தாலும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.

போன பெருநாளுக்கு எங்கள் கோயிலில் மாதாவுக்குப் புதுக் கூடு செய்யத் தீர்மானித்தார்கள். சொரூபத்தை உள்ளே வைத்து, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிற கூடு; நாலு வளைந்த கால், மேலே முடி. வேலையை எங்களுக்குத் தந்தார்கள். அந்த நேரம் பார்த்து மன்னாரில் என் அக்காவுக்குச் சத்திரசிகிச்சை. நான் போகவேண்டியதாகிவிட்டது. போகும்போது உனக்குச் சொன்னது ஒன்றுதான்: கால் ஒவ்வொன்றும் தடித்த வேம்பு, கைட்டைப் பார்த்து இறுக்கிவிட்டு அரி. எப்படிப் பார்ப்பது என்பதும் நீ பிறந்ததிலிருந்து கண்டதுதான். சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் பழைய தாள் ஒன்றைக் கிழிக்கவேண்டும். அதை வாளுக்கும் கைட்டுக்கும் நடுவே வைத்துக் கைட்டை நெருக்கி, இறுக்கி, தாளை உருவி எடுக்கவேண்டும். அந்தத் தாளின் தடிப்புத்தான் இடைவெளி. கைட் வாளைத் தொடவும் கூடாது, வாள் வழுகும்போது கைவிடவும் கூடாது. பிறகு மேல் கைட்டை மரத்துக்குக் கிட்ட, ஒரு விரல் இடம் விட்டு இறக்கவேண்டும். இதில் என்ன பெரிய படிப்பு இருக்கிறது?

நீ என்ன செய்தாய்? மாதாவின் கூடு, அதற்குப் போய் நாட்காட்டித் தாளா என்று உனக்குத் திடீரென்று பக்தி பொங்கிவிட்டது. சட்டைப்பையில் இருந்த மாதா படத்தை எடுத்து வைத்து இடைவெளி பார்த்தாய். அதுவும் மழையில் நனையாமலிருக்க லமினேற் பண்ணிய படம்! இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக்! நாட்காட்டித் தாளைப் போலப் பல மடங்கு தடிப்பு. அது போதாதென்று பெருநாள் கொமிற்றிக்காரர் வேலையைப் பார்க்க வந்தபோது, அவர்கள் கைபேசியில் படம் எடுக்க வசதியாக மேல் கைட்டை உச்சிக்கு உயர்த்தி விட்டாய். வாள் தடித்த வேம்புக்குள் போனதும் பிடிக்க ஆளில்லாமல் வயிறு தள்ளிப் போனது. காலின் மேல்முகத்தில் கோடு சரி, கீழ்முகத்தில் வெட்டு எங்கேயோ. பொருத்திப் பார்த்தபோது கூடு ஒரு பக்கம் சரிந்து நின்றது. அப்போதாவது கழற்றியிருக்கலாம். நீ மரத்தூளும் பசையும் குழைத்துப் பட்டி வைத்து நிரவினாய். உன் அப்பா, "பொலிஷ் அடிச்சால் தெரியாது" என்றார். அந்த வசனத்தை அவர் கல்லறையில் பொறிக்க நான் ஆயத்தம்.

மன்னாரிலிருந்து நான் வந்து சேர்ந்தது பெருநாளன்று. பூவும் மின்குமிழும் கட்டி அலங்கரித்திருந்ததால் கோயிலுக்குள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசலைத் தாண்டித் தோளில் ஏற்றியதும்தான் கண்டேன். மாதா கடற்கரைப் பக்கமாகச் சரிந்துகொண்டு போகிறா! நேரே நிற்கவேண்டிய தாய், வேலிக்கு மேலால் அயல்வீட்டை எட்டிப் பார்ப்பதுபோல் போகிறா. யாராவது பேசப் போகிறார்கள், எங்கள் பட்டறையின் மானம் போகப்போகிறது என்று செபமாலையை இறுக்கிப் பிடித்தேன். ஆனால் முன்னால் போன ஒரு கிழவர், "பாருங்கோ, மாதா கடலைப் பாக்கிறா" என்று சத்தம் போட்டார். அவ்வளவுதான். பெண்கள் அழத் தொடங்கினார்கள். கடலிலே எங்கள் சனம் படுகிற பாட்டுக்கு மாதாவே குனிந்து பார்க்கிறா என்று ஆண்களும் முழங்காலில் நின்றார்கள். அடுத்த நாள் இறால் அள்ளுப்பட்டு வந்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உன் இனம்தான்.

வீட்டுக்கு வந்து கைட்டைப் பார்த்தேன். அந்த இடைவெளிக்குள்ளால் ஒரு சூடை மீன் நீந்திப் போகலாம். உன்னைக் கேட்டேன். "மாதா படத்தாலை பாத்தனான் அம்மா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். நான் கத்தினேன். நீ அதற்கு, "உங்களுக்கு நம்பிக்கை காணாது அம்மா. மாதாவுக்கு விருப்பமில்லாட்டி அப்பிடி அரிபட்டிருக்குமோ?" என்றாய். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ அவளையும் வென்றுவிட்டாய். கோணலைக் காட்டிக் கும்பிடச் சொல்கிறாய். பள்ளிக்கூடத்துக்குச் செய்த அலுமாரியும் இப்படித்தான். கதவு தன்பாட்டில் திறந்தது. அதிபர் அம்மா கேட்டதற்கு, "காத்தோட்டத்துக்கு விட்டது மிஸ், புத்தகம் பூஞ்சணம் பிடியாது" என்றாய். அவர் நன்றி சொன்னார். அன்றைக்கு நான் சிரித்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது பலன் அனுபவிக்கிறேன்.

சனம் சந்தோஷப்படுகிறது, யாருக்கு நட்டம் என்று கேட்பாய். கேட்டும் இருக்கிறாய். மாதா கடற்கரைப் பக்கம் குனிந்தால், மற்றப் பக்கம் இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டினா என்று அர்த்தம். அதை நீ யோசிக்கவில்லை. றோட்டின் மற்றப் பக்கத்தில் திரேசம்மா இருக்கிறா, உன் சின்ன வயதில் உனக்கு மருந்து அரைத்துத் தந்த மனுசி. அந்தப் பெருநாளுக்கு அவவின் மகள் ஆசுப்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்கு இருந்தாள். பவனி தன் வாசலைக் கடக்கும்போது மாதாவிடம் கேட்க என்று அந்த மனுசி மெழுகுதிரியோடு வந்து நின்றது. பிள்ளை தங்கவில்லை. ஒரு மாதம் கழித்து வேலிக்கரையில் என்னை மறித்து, "பிள்ளை, எங்களிலை மாதாவுக்கு என்ன கோவம்? எங்கடை பக்கம் திரும்பியும் பாராமல் போனாவே" என்று கேட்டா. நான் என்ன சொல்ல? என் மகன் லமினேற் படத்தால் கைட் பார்த்தவன் என்று சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா" என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன். வந்து குசினிக்குள் இருந்து அழுதேன். அன்றிலிருந்து உன்மேல் எனக்கு இருப்பது கோபம் இல்லை, அருவருப்பு. எனக்கும் மாதாவில் விசுவாசம் உண்டு. எங்களைப் பார்க்கக் குனியவேண்டும் என்று அவவுக்குத் தோன்றினால் தானே குனிவா, உன்னுடைய பிழை வெட்டு அவவுக்குத் தேவையில்லை.

இதற்குள்தான் உன் சம்பந்தமும் வந்தது. பெருநாளன்று பருத்தித்துறையிலிருந்து நேர்த்திக்கு வந்த ஒரு தாயும் மகள் ஜெனிற்றாவும் அந்தக் கூட்டைக் கண்டார்கள். தாய் அழுதுகொண்டே, "உதை ஆர் செய்தது?" என்று கேட்டிருக்கிறார். நீ கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய், "என்ரை கையில ஒண்டும் இல்லை அன்ரி, எல்லாம் மாதாவின்ரை சித்தம்" என்றாய். ஆகா! சொல்லும்போது கண்ணை வேறு மூடினாயாம். மாதாவே மாப்பிள்ளையைக் காட்டிவிட்டா என்று அந்தத் தாய் முடிவுகட்டிவிட்டார். பெண் வீட்டு வளவிலேயே உனக்குப் பட்டறைக்குக் கொட்டில் போட்டுத் தந்திருக்கிறார்கள். பாண்ட்சோ வாங்கியாயிற்று. அதில் செய்யவேண்டிய முதல் வேலையும் ஆயத்தம்: அவர்களுடைய கோயிலுக்கும் ஒரு கூடு, அதே மாதிரி, மாதா கடலைப் பார்க்கிற மாதிரி.

இப்போது சொல், நீ ஏன் கைட் தெரிவுசெய்யவில்லை? நல்ல கைட்டைப் போட்டு ஒழுங்காக இறுக்கினால் கூடு நேராக வரும். நேராக வந்தால், "ஏன் எங்கடை மாதா குனியேல்லை?" என்று உன் மாமியார் கேட்பார். கோணலாக வரவேண்டும் என்றால் இந்தமுறை தெரிந்தே கோணலாக அரியவேண்டும். அப்போது அது பிழை இல்லை, களவு. அதுவரைக்கும் போக உனக்குத் துணிவில்லை என்பதுதான் உன்னில் நான் காண்கிற ஒரே நல்ல குணம். ஆகவே நடுவில் நின்றுகொண்டு பெயறிங்கா செரமிக்கா என்று உலகம் முழுக்க விசாரிக்கிறாய். கைட்டை வைத்து நான் உனக்கு வாழ்க்கைப் போதனை செய்யப்போகிறேன் என்று பயப்படாதே. கைட் என்றால் கைட்தான், மரம் அரிகிற சாமான். உன்னுடைய பொய்க்கும் அதற்கும் உள்ள சம்பந்தம், அந்தப் பொய் அதிலிருந்து தொடங்கியது என்பது மட்டும்.

இனி நான் சொல்லவேண்டியதற்கு வருகிறேன். நேற்று ஜெனிற்றா இங்கே வந்தாள், தனியாக, பஸ்ஸில். உனக்குச் சொல்லாமல் வந்திருப்பாள். கலியாண உடுப்புக்கு என் அளவு எடுக்க வந்ததாகச் சொன்னாள். அளவு எடுத்தாள், தேத்தண்ணி குடித்தாள், பிறகு கைப்பையைத் திறந்து ஒரு படத்தை எடுத்தாள். அந்த மாதா படம். "இதை வைச்சுத்தான் கூடு செய்தனான்" என்று நினைவாகக் கொடுத்தாயாமே, உன் புத்தியை என்னவென்பது! களவெடுத்தவன் கன்னக்கோலைக் கொண்டுபோய்ப் பரிசாகக் கொடுத்த கதை. பிளாஸ்ரிக்கில் கைட் அழுத்திய தழும்பு இரண்டு பக்கமும் அப்படியே இருந்தது.

"மாமி, இதை எங்கை வைச்சவர்? உதிலை வைச்சுக் காட்டுங்கோ" என்று பாண்ட்சோவைக் காட்டினாள்.

நான் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கைட்டைத் தளர்த்தி, படத்தை வாளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அதையும் அவள் கையில் கொடுத்தேன். அவள் படத்தை ஒரு கையிலும் தாளை மறு கையிலும் வைத்துப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். வலை பொத்துகிற வீட்டுப் பிள்ளை அல்லவா? கண்ணி அளக்கிற கட்டை தடித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

"எனக்குப் பெருநாளண்டே தெரியும் மாமி," என்றாள். "கூட்டுக் காலுக்கு முத்தம் குடுக்கக் குனிஞ்சனான். அடியிலை பட்டி வைச்சு நிரவியிருந்தது. இது எப்பிடி வந்ததெண்டுதான் தெரியாமல் கிடந்தது."

"பின்னை ஏன் பிள்ளை இவனுக்கு ஓம் எண்டனி?" என்று கேட்டேன்.

"கூட்டுக்காக ஓம் எண்டது எங்கடை அம்மா. நான் அவரைப் பாத்துத்தான் ஓம் எண்டனான்." படத்தில் இருந்த தழும்பைத் தடவினாள். "ஆனால் அவர் எனக்குச் சொல்லோணும் மாமி. இண்டைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன். கைட்டைப் பற்றியே கதைச்சுக்கொண்டு இருக்கிறார், இதை மட்டும் சொல்லுறார் இல்லை."

"சொல்லாட்டி?"

"ஞாயிறு மூண்டாவது கலியாண ஓலை. அதுக்குப் பிறகு சொல்லி என்ன? சொல்லாட்டி இந்தப் படத்தைக் கொண்டுவந்து உங்களிட்டைத் தந்திட்டுப் போயிடுவன்."

அழவில்லை, சத்தம் போடவில்லை. படத்தைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். மழை வரப்போகிறது, கொடியில் கிடக்கிற உடுப்பை எடுங்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள். மகன், நான் யாரையும் இலேசில் மெச்சுகிறவள் இல்லை. அந்தப் பிள்ளை உன் தகுதிக்கு மிச்சம், மிச்சம். கோயிலில் கலியாண ஓலை இரண்டு தடவை வாசித்தாகிவிட்டது. இந்தக் கலியாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் சுவாமியார் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நீ அவளுக்குப் பக்கத்து வாங்கில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். அவளும் கேட்டுக்கொண்டு இருந்தாள், உன் வாயிலிருந்து ஏதும் வருமா என்று. நீ அவளை ஒன்றும் தெரியாத பிள்ளை என்று நினைத்து மறைத்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, பரிமாறுகிறவளிடமே அகப்பையைக் கொடுத்திருக்கிறாய்.

நான் இதை எழுதியதால் அவள் வைத்த பரீட்சை கெட்டுப்போகும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அவள் சத்தியம் வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் மீறியிருப்பேன், நான் உன் தாய். ஆனால் இதை வைத்து இன்னொரு கள்ளம் செய்யாதே. தானாக மனம் வந்து சொல்வதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அவளுக்கு முன்னால் நிற்காதே. அம்மா எழுதினவ, அதுக்குப் பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது என்று அதையும் சேர்த்துச் சொல். இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. அவள் உன்னை மன்னிப்பாளா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய தாயிடம் அதற்குப் பிறகு போ, அவர் உன்னை விளக்குமாற்றால் அடித்தால் வாங்கிக்கொள். இங்கே கொமிற்றிக்கு நானே சொல்கிறேன். கூட்டைக் கழற்றி நேராக்கித் தருகிறோம் என்பேன். ஏசுவார்கள், ஏசட்டும். திரேசம்மாவிடமும் போவேன், அது உன் வேலை இல்லை, என் வேலை. அந்த மனுசிக்கு முன்னால் போய் நின்று, லமினேற் படத்திலிருந்து தொடங்கிச் சொல்வேன்.

உன்மேல் இவ்வளவு வெறுப்பாக எழுதிவிட்டேன், திருப்பி வாசித்துப் பார்த்தேன், ஒரு சொல்லையும் வெட்டவில்லை. ஆனால் ஒன்று. அவள் அந்தப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினால் எனக்கு அதை வாங்கக் கை வராது. அவள் இந்த வீட்டுக்கு வரவேண்டும் என்று நேற்று அவளைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு நான் கேட்ட அளவுக்கு, என் வாழ்நாளில் மாதாவிடம் வேறொன்றும் கேட்டதில்லை. கூட்டுக்கு முன்னால் நின்று கேட்கவில்லை, கொடியில் உடுப்பை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

அவள் வீடு உன் மாமா வீட்டிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி. கைட் எதையாவது வாங்கு, எனக்கு அக்கறை இல்லை. இடைவெளி பார்க்க இந்த உறைக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைத் தாள், முந்தியே கிழித்தது. எங்கள் சுவர் நாட்காட்டியில் இனிச் சனிக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமைதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் இருக்கிறது.

அம்மா